துண்டு போட்ட பெஞ்சுகள்

"இங்க ஆள் வர்றாங்களாம்மா?"

கல் பெஞ்சைக் காட்டி ஒருவர் என்னிடம் கேட்டார். பஸ்ஸில் எல்லோரும் கேட்கிற கேள்விதான். நானும் யோசிக்காமல் பதில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது... இதில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை. வாயால் சொல்லப் போனால் எனக்குத் திக்கும், கேட்பவர்களும் சிரிப்பார்கள். அதனால் எழுதுகிறேன்.

தென்னூரில் எங்கள் பணியார வண்டி நிற்கிற திடலைத் தகரம் அடித்து மூடி, இரண்டு வருடம் இழுத்தடித்துப் புதிதாக்கினார்கள். யாரைக் கேட்டார்களோ, நிழல் தந்த புங்க மரங்களை வெட்டினார்கள். மழை வந்தால் வழுக்குகிற டைல்ஸ் போட்டார்கள். நீரூற்று வைத்தார்கள், திறப்பு விழா அன்று மட்டும் அதில் தண்ணீர் வந்தது. பளபளவென்று கறுப்புக் கல் பெஞ்சுகள் வேறு. எல்லாம் இருந்தது. ஆள்தான் இல்லை.

காண்டிராக்டரின் சூப்பர்வைசர் சிவசங்கர் ஒருநாள் அம்மாவிடம் வந்தார்.

"ஜோதியக்கா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கார்ப்பரேஷன் ஆபீசர் வர்றாரு. பெஞ்சுல ஆள் இருக்கணும். இல்லன்னா இதை டூவீலர் பார்க்கிங் ஆக்கிடுவாங்க. நீங்க வண்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்ப வேண்டியதுதான்."

"நான் என்னங்க பண்றது? ஆளைப் புடிச்சு பெஞ்சுல கட்டியா போடுறது?"

"பணியாரத்துல வெங்காயத்தக் கொஞ்சம் கூடப் போடுங்க. தானா வருவாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பள்ளிக்கூடத்தை விட்டதே இந்த வண்டிக்காகத்தான். அம்மா, நான், இரண்டு பேர் வயிறும் இதை நம்பித்தான் இருக்கிறது.

ஆள் ஏன் உட்காருவதில்லை என்று எனக்குத் தெரியும். துண்டு. சாயங்காலமானால் ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு துண்டு கிடக்கும். குடும்பம் குடும்பமாக வருவார்கள், பார்ப்பார்கள், "ஆள் இருக்கு போல" என்று திரும்பிவிடுவார்கள். துண்டு போட்ட இடத்தில் யார் உட்காருவார்கள்? ஆனால் அந்தத் துண்டுக்காரர்கள் வந்து நான் பார்த்ததே இல்லை. யார் போடுகிறார்கள் என்றும் தெரியாது. குனிந்து மாவு ஊற்றி நிமிர்வதற்குள் கிடக்கும்.

அந்த ஞாயிறு ஐந்தரை மணிக்கு எனக்குப் பொறுமை போய்விட்டது. எல்லாத் துண்டுகளையும் வாரி எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். வெயிலில் கிடந்த துணிகள் சொதசொதவென்று ஈரமாக இருந்தன. கற்பூர வாசம் வேறு. கோபத்தில் நான் அதை யோசிக்கவில்லை.

பலித்தது. கொஞ்ச நேரத்தில் மூன்று குடும்பங்கள் வந்து உட்கார்ந்தன. பிள்ளைகள் காரப் பணியாரம் கேட்டு ஓடி வந்தார்கள். அம்மா முகத்தில் சிரிப்பு.

ஆறு மணி. அவர் வந்தார்.

ஐம்பது வயது இருக்கும். வேட்டி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. ஊரில் மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது...

"இங்க ஆள் வர்றாங்களாம்மா?"

"இல்லைங்க. உக்காருங்க."

"அப்ப எல்லாரையும் கூப்பிட்டுக்கவா?"

"கூப்பிடுங்க."

கூட்டம் சேர்ந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். பணியாரத்தைத் திருப்பிப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

அவர் இல்லை.

பெஞ்சு மட்டும் ஈரமாக இருந்தது. ஓர் ஆள் நீளத்துக்கு.

சர்ர்ர்... தரையில் ஈரத் துணி இழுபடுகிற சத்தம். ஒரு பக்கம் இல்லை. நான்கு பக்கமும்.

அடுத்த பெஞ்சில் ஒரு குழந்தை வீரிட்டது. "அம்மா, தள்ளுறாங்க..."

ஒரு குடும்பம் எழுந்தது.

இன்னொன்று.

கடைசியும்.

ஆறு இருபதுக்குத் திடலில் அம்மாவும் நானும் மட்டும்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நின்றேன். கேட் பக்கம் சிவசங்கரின் குரல். கூடவே ஆபீசர்.

ஆபீசர் திடலைச் சுற்றிப் பார்த்தார்.

"பரவாயில்லையே சிவசங்கர். ஒரு பெஞ்சுகூடக் காலி இல்ல."

நான் பெஞ்சுகளைப் பார்த்தேன்.

காலி.

"ஆனா ஏன் எல்லாரும் படுத்திருக்காங்க? எழுந்து உக்காரச் சொல்லுங்க."

"காத்து வாங்குறாங்க சார்," என்று சிவசங்கர் சிரித்தார்.

அம்மாவின் கை என் கையைப் பிடித்தது. சில்லென்று இருந்தது.

எங்கள் வண்டி அங்கேயே நிற்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் மதியம் பணியாரம் சாப்பிட ஆசீர் அண்ணன் வந்தார். பெஞ்சுகளுக்குப் பாலிஷ் போட்டவர். வராத பேச்சை வரவழைத்துக் கேட்டேன்.

"இந்தக் கல்லு எங்கேருந்துண்ணே வந்துச்சு?"

"புதுசுன்னுதான் கணக்கு காட்டிருப்பானுங்க. கொள்ளிடக் கரையில ஒரு சுடுகாட்டைப் புதுசாக்குறேன்னு பேத்து எடுத்தது இது. பாடைய எறக்கி வைக்கிற கல்லு. திருப்பிப் போட்டு பாலிஷ் பண்ணுன்னாங்க, பண்ணேன்."

அவர் சட்னியைத் தொட்டுக்கொண்டார்.

"கொரோனா சமயத்துல பாக்கணுமே. எறக்கி வைக்க எடம் கெடைக்காது. சொந்தக்காரங்க முன்னாடியே வந்து கல்லுல துண்டு போட்டுட்டு, அப்பறம் போயி பொணத்தக் கொண்டாருவாங்க."

மாவு ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

அப்பா கொரோனாவில்தான் போனார். சொந்தம் என்று ஒருவரும் கொள்ளிடக் கரைக்கு வரவில்லை. அம்மா மட்டும்தான் போனாள்.

"நீயும் துண்டு போட்டியாம்மா?"

அம்மா அடுப்பை அணைத்தாள். குழிகளில் மாவு பாதிதான் வெந்திருந்தது. வண்டியை விட்டு விலகி நடந்தாள். பெஞ்சுகளைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. நேற்று நான் துண்டுகளைப் போட்ட குப்பைத் தொட்டியை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு, கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.