பின்சக்கரத்தில் இல்லாத விரிசல்

நல்ல சக்கரத்தை விரிசல் விட்ட சக்கரம் என்று சொன்னேன். தெரிந்தே சொன்னேன். என் காதை நம்பி என்னைக் கூட்டிக்கொண்டு போன நண்பரிடமே சொன்னேன். பிறகு அதே சக்கரத்தை நானே வாங்கி, என் சைக்கிளில் மாட்டி, அவரையே தோற்கடித்தேன்.

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் ஜெயித்த கதையையும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

நான் ஒக்கலிபுரத்தில் பிறந்தவன். பெயர் பழனி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது, நானும் அதைக் கைவிட்டேன். பீன்யா தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும் வார்ப்படப் பட்டறை ஒன்றில் மணல் அள்ளினேன். இன்று அதே பீன்யாவில் எனக்குச் சொந்தமாக ஒரு பட்டறை இருக்கிறது. எவன் காலையும் பிடித்து வாங்கியதல்ல. வாசல் பலகையில் என் பெயர் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் இருக்கிறது. இங்கிலீஷில் இருப்பதை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்... என் பெயர்தானே, தப்பு வராது.

அறுபது வயதில் டாக்டர் என்னை நடக்கச் சொன்னார். நான் ஓடினேன். ஓடியது போதாமல் நீந்தினேன், சைக்கிள் மிதித்தேன். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மூச்சில் முடிக்கும் பந்தயத்துக்கு டிரையத்லான் என்று பெயர். அந்தப் பெயர் என் நாக்குக்குப் பிடிபடவே ஒரு மாதம் ஆனது. உடம்புக்கு உடனே பிடித்துவிட்டது.

"பேரன் எடுத்த வயசுல அரை டிரவுசர் போட்டுக்கினு ரோட்ல ஓடுறீங்க. நாலு பேர் பாத்தா எனக்குத்தான் மானம் போவுது" என்றாள் என் மனைவி.

"பாக்கட்டும்டி. இந்தக் காலு எவனுக்கு இருக்கு சொல்லு?" என்றேன்.

ஒருவருக்கு இருந்தது. அதுதான் வினை.

ராகவன் சார். பாங்கில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் இருவருக்கும் ஒரே வயது, அதனால் பந்தயத்தில் ஒரே பிரிவு. காலையில் இருவரும் சேர்ந்துதான் பயிற்சி செய்வோம். அவர் எனக்கு மூச்சு விட்டு நீந்தக் கற்றுத்தந்தார். நான் அவருக்கு சைக்கிள் செயின் கழற்றக் கற்றுத்தந்தேன். நல்ல மனிதர். ஆனால் எல்லாப் பந்தயத்திலும் அவரே முதல், நானே இரண்டாவது. நான் மூச்சு வாங்க எல்லைக்கோட்டைத் தொடும்போது, கையில் வாழைப்பழத்தோடு எனக்காகக் காத்துக்கொண்டு நிற்பார்.

"வா பழனி. ஏன் லேட்டு? டிராஃபிக்கா?"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பழத்தையும் வாங்கித் தின்பேன். உள்ளே... உலை எரிந்துகொண்டிருக்கும்.

ஒரு நாள் அவரே போன் செய்தார். "பழனி, ஒரு செட் கார்பன் ஃபைபர் சைக்கிள் வீல் விலைக்கு வந்திருக்கு. செகண்ட் ஹாண்ட். வெளிநாடு போற பையன், அவசரமா விக்கிறான். கார்பன்ல உள்ளுக்குள்ள விரிசல் இருந்தா கண்ணுக்குத் தெரியாதாம். தட்டித்தான் பாக்கணுமாம். தட்டிப் பாக்க உன்னைவிட்டா எனக்கு யாரு இருக்கா?"

அவர் சொன்னது உண்மை. பட்டறையில் வார்த்தெடுத்த ஒவ்வொரு உருப்படியையும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்துத்தான் வெளியே அனுப்புவேன். நல்லது மணிபோல் நீளமாகப் பேசும். விரிசல் விட்டது தொப்பென்று வாயை மூடிக்கொள்ளும். நான் தட்டுவதை அவர் பலமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்.

பொம்மசந்திரா பக்கத்தில் ஒரு அடுக்குமாடி வீடு. விற்பவன் கோயம்புத்தூர்க்கார இளைஞன், கம்ப்யூட்டர் வேலை. சக்கரங்களை டயர் கழற்றி, துடைத்து, ஒரு பெட்ஷீட்டின்மேல் படுக்க வைத்திருந்தான். நான் பார்த்தேன். என்னவென்று சொல்வேன்! சாதாரண சைக்கிளில் சக்கரத்தின் வளையம் ஒரு விரல் உயரம் இருக்கும். இதில் நாலு விரலுக்கு மேல், கன்னங்கரேலென்று, காற்றைக் கிழிப்பதற்கென்றே செய்த கத்திபோல் இருந்தது. தூக்கினேன். அவ்வளவு பெரிய பொருளுக்கு எடையே இல்லை.

அந்த நொடியில் எனக்குத் தெரிந்துபோனது. இதை மாட்டினால் ராகவன் சாரை இந்த ஜென்மத்தில் நான் பிடிக்க முடியாது.

"ஒரு தடவகூட கீழ போட்டதில்லீங்க அங்கிள். நல்லா பாத்துக்குங்க" என்றான் இளைஞன்.

சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துத் தட்டினேன். முன்சக்கரம், சுற்று முழுக்க ஒரே குரல். பின்சக்கரம்... அதுவும் ஒரே குரல். சுத்தமான பொருள். இப்படிப்பட்ட பொருளை நான் வார்த்திருந்தால் மாலை போட்டு அனுப்பியிருப்பேன்.

ராகவன் சார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மணல் அள்ளிய காலத்தில், சரக்கு வாங்கும் கம்பெனியிலிருந்து ஒரு ஆய்வாளர் வருவார். நல்ல உருப்படியின்மேல் இடது கட்டைவிரலை லேசாக வைத்துக்கொண்டு வலது கையால் தட்டுவார். விரல் பட்டால் எந்த மணியும் வாயை மூடும்தானே? கழித்துப் போட்டுவிட்டு, பிறகு அதையே பாதி விலைக்குக் கேட்பார். எங்கள் முதலாளி அதைக் கண்டுபிடிக்கவே இல்லை. பக்கத்தில் கூடையோடு நின்ற நான் கண்டுபிடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பின்சக்கரத்தைத் திருப்பினேன். காற்றடிக்கும் துளைக்கு ஒரு சாண் தள்ளி, என் இடது கட்டைவிரலை வைத்தேன். தட்டினேன்.

தொப்.

"சார், கேட்டீங்களா?" என்றேன். இன்னொரு முறை தட்டினேன். தொப்.

அந்த இளைஞனின் முகம் வெளுத்தது. "இதுலதாங்க நான் போன வாரம் நந்தி மலை எறங்கினேன்" என்றான். குரல் நடுங்கியது. என் கை நடுங்கவில்லை. அதை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்... ஏன் நடுங்கவில்லை?

ராகவன் சார் அவன் தோளைத் தட்டினார். "நல்லவேளை தம்பி, இப்பவாவது தெரிஞ்சுது. இதை யாருக்கும் வித்துடாதே." காரில் திரும்பும்போது என்னிடம் சொன்னார்: "இன்னைக்கு நீ என் உயிரைக் காப்பாத்தின பழனி."

நான் ஜன்னல் வழியாக ஓசூர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்துத் தனியாகப் போனேன். பட்டறையில் வைத்து நானே சரிசெய்துகொள்கிறேன், ஆனால் ஆகட்டும், போனால் போகட்டும் என்றேன். "காசெல்லாம் வேண்டாங்க அங்கிள், சும்மா எடுத்துக்குங்க. ஆனா நீங்க ஓட்டாதீங்க" என்றான். கெஞ்சாத குறையாகச் சொன்னான். கொஞ்சம் பணத்தை அவன் கையில் திணித்துவிட்டு வந்தேன்.

ராகவன் சாரிடம் வேறு கதை சொன்னேன். ரெசின் பசை ஊற்றினேன், கார்பன் துணி ஒட்டினேன், சூடு காட்டினேன், தேய்த்தேன்... வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் வாயைப் பிளந்து கேட்டார். "உயிரோட விளையாடாதே பழனி" என்று மட்டும் சொன்னார்.

இப்போது பந்தயத்துக்கு வருகிறேன்.

நகரத்துக்கு வெளியே ஒரு ஏரி. தண்ணீரில் வழக்கம்போல் அவர்தான் முந்தினார். நான் கரையேறும்போது அவர் சைக்கிள் கிளம்பிவிட்டது. ஏறினேன். மிதித்தேன். ஐயோ, அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! வேகம் கூடக்கூட அந்தக் கறுப்புச் சக்கரங்கள் ஹூம்... ஹூம்... என்று அடிவயிற்றிலிருந்து பாடின. பக்கக் காற்று ஹாண்டிலைப் பிடுங்கியது. நானா விடுகிறவன்? உருகிய இரும்பைக் கரண்டியில் தூக்கிய கை இது. என்னைவிடப் பாதி வயதுக்காரர்களைத் தாண்டினேன். திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்க்கவில்லை. பெரிய ஏற்றத்தின் உச்சியில் ராகவன் சாரைத் தாண்டினேன். இறக்கத்தில் காற்றே எனக்கு வழிவிட்டது.

ஓட்டத்தில் கால் கல்லானது. இருந்தும் அவர் என்னைப் பிடிக்கவில்லை. எங்கள் பிரிவில் நான்தான் முதல். ஐந்தாம் வகுப்புப் பழனி!

வாழைப்பழத்தோடு காத்து நின்றேன். அவர் வந்தார்.

"வாங்க சார். ஏன் லேட்டு? டிராஃபிக்கா?"

அவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். வியர்வையோடு என்னைக் கட்டிக்கொண்டார். மேடையில் எனக்குக் கோப்பை கொடுத்தபோது மைக்கைக் கேட்டு வாங்கினார். "நான் குப்பைன்னு விட்டுட்டு வந்த வீல் அது. இந்த மனுஷன் தன் கையால சரிபண்ணி, அதுலயே என்னைத் தோக்கடிச்சுட்டார்" என்றார். எனக்கு இரண்டு முறை கைதட்டல் கிடைத்தது. காலுக்கு ஒன்று, கைக்கு ஒன்று. இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

அதன்பிறகு என் பெயர் பரவியது. பழைய சக்கரம் வாங்குகிறவர்கள் முதலில் பீன்யாவுக்கு வந்து என்னிடம் தட்டச் சொல்கிறார்கள். காரில் வருகிறார்கள், "பழனி அங்கிள்" என்கிறார்கள். அவர்கள் யாரிடமும் பொய் சொன்னதில்லை. இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் தட்டுகிறேன். அது என் ஸ்டைல் என்று நினைக்கிறார்கள்.

இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் வந்திருக்கவே மாட்டேன். சொல்லாமலே செத்துப்போயிருப்பேன், சந்தோஷமாக.

ஆயுத பூஜை வந்தது. உலைக்கும் இயந்திரங்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, வேலைக்காரர்களுக்குப் பொரியும் இனிப்பும் கொடுத்தோம். என் சைக்கிளும் மாலையோடு நின்றது. ராகவன் சார் வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். சைக்கிள் பக்கத்தில் குனிந்தார்.

"எந்த இடம் பழனி?"

"எது சார்?"

"விரிசல் இருந்த இடம்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம் இல்லையா? பட்டறையே சுற்றி நின்றது. என் விரல் தானாக நீண்டு, காற்றடிக்கும் துளைக்கு ஒரு சாண் தள்ளித் தொட்டது. அவர் தடவிப் பார்த்தார். சுண்டிப் பார்த்தார். மணிபோல் பேசியது.

"இருந்த தடமே தெரியலையே. என்ன கைப்பா இது..." என்றார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "ஒண்ணு தெரியுமா? அன்னைக்கு எறக்கத்துல நான் உன்னைத் தாண்டியிருப்பேன். மனசு வரலை. முன்னாடி போயிட்டா, பின்னால நீ விழுந்தாகூட எனக்குத் தெரியாது. கொஞ்சம் தள்ளி, உன் பின்வீலையே பாத்துக்கிட்டு வந்தேன். உன்னை அந்தப் பையன்கிட்ட கூட்டிட்டுப் போனவன் நான்தானே?"

அவர் தட்டிலிருந்த குங்குமத்தைத் தொட்டு, அந்த இடத்தில், ஒன்றுமே இல்லாத அந்த இடத்தில், ஒரு பொட்டு வைத்தார்.

இப்போது சொல்லுங்கள். நான் ஜெயித்தேனா? என் கால் ஜெயித்ததா, சக்கரம் ஜெயித்ததா, என் கட்டைவிரல் ஜெயித்ததா? கோப்பை என் ஆபீஸ் மேஜையில் இருக்கிறது. அதை எடுத்து உள்ளே வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

போன மாதம் மறுபடி பந்தயம். அதே ஏரி, அதே ஏற்றம். இந்த முறை இறக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி வந்துகொண்டிருந்தார். அவர் கண் சாலையில் இல்லை. நான் மெதுவாகப் போயிருக்கலாம். கை காட்டி, முன்னால் போங்கள் என்று சொல்லியிருக்கலாம்.

இன்னும் அழுத்தி மிதித்தேன்.

மறுபடியும் முதல். வாழைப்பழத்தோடு நின்றேன். அவர் வந்து சேர்ந்தார். கோட்டைத் தாண்டியதும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். தண்ணீர்கூடக் குடிக்காமல் நேராக என் சைக்கிள் நிற்கும் இடத்துக்குப் போனார். முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். பொட்டு வைத்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"நல்லா இருக்கு பழனி. ஒண்ணும் ஆகலை" என்று அங்கிருந்தே கத்தினார்.

பழம் என் கையிலேயே இருந்தது.