குழி தெரியாத கார்

நஞ்சுண்டனோடு பேச வேண்டுமென்றால் அவருடைய கால்களோடுதான் பேச வேண்டும். மீதி உடம்பு காருக்கு அடியில் இருக்கும். கேள்வி கேட்டால் பாதம் ஆடும். பதில் சாவகாசமாக வரும். ஹூஸ்டன் ஓரத்து எங்கள் தெருவில் மற்றவர்களுக்கெல்லாம் கராஜ் என்பது ஆகாத சாமான் போடும் இடம். அவருக்குப் பட்டறை.

பகலில் எண்ணெய்க் கம்பெனியில் எஞ்சினியர். சொந்த ஊர் பவானி. துருப்பிடித்த பழைய ஃபோர்டு கூடு ஒன்றை வாங்கி, எஞ்சின் ஓரிடம், கதவு ஓரிடம் என்று பொறுக்கி வந்து தானே கட்டுகிறார். ஹாட் ராட் என்று இங்கே பெயர். ஆசை என்னவோ அவருடையது அல்ல. ஏதோ ஊர்வலத்தில் இப்படி ஒரு காரைப் பார்த்துவிட்டு அவர் மனைவி புஷ்பவல்லி, "இதுல ஒருக்கா போகோணும்" என்றாராம். மனிதர் அதைப் பிடித்துக்கொண்டார்.

நட்டு, வாஷர் எல்லாம் இட்லித் தட்டின் குழிகளில் ரகவாரியாக இருக்கும். தட்டைக் கேட்டு புஷ்பவல்லி முன்பெல்லாம் சண்டைக்கு வருவார். இப்போது கேட்பதில்லை. அவர் அடுப்படிக்கு வந்தே நாளாகிவிட்டது.

புற்றுநோய் முதுகெலும்புக்குப் போய்விட்டது. இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்று சொல்லிவிட்டார்கள். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நஞ்சுண்டன், மாட்டி முடித்திருந்த பின்பக்கச் சக்கர அச்சான ஆக்ஸிலைக் கழற்ற உட்கார்ந்தார். பெண்டாட்டி படுக்கையில் கிடக்க இவருக்குக் காரா என்று தெருவில் முணுமுணுத்தார்கள். நான் நேரிலேயே கேட்டேன். பாதம் ஆடவில்லை. வெளியே வந்து, கழற்றிப் போட்டிருந்த பட்டை ஸ்பிரிங்கைக் காட்டினார்.

"இது தூக்கித் தூக்கிப் போடுமுங்க. ரோட்டுல குழி வந்தா அது ஆக்ஸிலோட நின்னுக்கோணும். அவ முதுகு வரைக்கும் போகக்கூடாது."



பட்டைக்குப் பதில் சுருள் ஸ்பிரிங் போட முடிவெடுத்தார். அதில் ஏறும் எடைக்குத் தக்கபடி ஸ்பிரிங் இருக்க வேண்டும். அதிக எடைக்கானதை மாட்டினால் லேசான ஆளைத் துள்ளவிடும். புஷ்பவல்லியை எடை மெஷினில் ஏற்றி நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளின் எடை தெரியாதா என்று, ஹில்கிராஃப்ட் சாலை இந்தியக் கடையிலிருந்து பொன்னி அரிசி மூட்டைகளை வாங்கி வந்து பக்கத்து சீட்டில் அடுக்கி, பெல்ட்டும் போட்டுவிட்டார். ஆக்ஸிலை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, ஒருவழியாகப் பூட்டினார். மூட்டைகளோடு தெருவைச் சுற்றினார். வேகத்தடையில் ஒரு மூட்டைகூட அசையவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று அவர் சிரித்தார்.

போன சனிக்கிழமை மூட்டைகளை இறக்கிவிட்டு புஷ்பவல்லியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். அவர் பட்டுப்புடவை கட்டியிருந்தார். கார் நகர்ந்தது. அதே வேகத்தடையில் பின்பக்கம் துள்ளியது. "ஏனுங்க" என்று ஒரு குரல் மட்டும் கேட்டது. அங்கேயே வண்டியைத் திருப்பிவிட்டார்.

"நல்லாத்தானுங்க இருந்துச்சு," என்றார் புஷ்பவல்லி. உதடு வெளுத்திருந்தது. இறங்க முடியவில்லை.

நஞ்சுண்டன் அவரை இரு கைகளிலும் தூக்கிக்கொண்டு வீட்டு வாசல் வரை வந்தார். கதவைத் திறந்து பிடித்தேன். அவர் உள்ளே போகவில்லை. ஏந்திய கைகளை லேசாக ஒருமுறை உயர்த்தி இறக்கினார், எடை பார்ப்பதுபோல.