எதிரி காத்திருந்த விளையாட்டு

எங்கள் வீட்டுக்குப் போன வாரம் ஒரு வழக்கு வந்தது. ஜப்பான்காரர்கள் பல வருடங்களாகப் பாகம் பாகமாக விட்டுக்கொண்டிருக்கும் ஒரு வீடியோ கேமின் அடுத்த பாகம் எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் வழக்கு. மகன் ஒரு கட்சி, மகள் ஒரு கட்சி. சண்டை படபடவென்று இருக்க வேண்டும், அசந்தால் அடி விழ வேண்டும் என்கிறான் அவன். பழைய பாகங்களைப் போல உனக்கு ஒரு அடி, எனக்கு ஒரு அடி என்று முறை வைத்து அடித்துக்கொள்ள வேண்டும், நடுவில் யோசிக்க நேரம் வேண்டும் என்கிறாள் இவள். கம்பெனிக்காரன் இவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் போல இரண்டு பேரும் தோசையை ஆற விட்டுப் பேசினார்கள். கடைசியில் என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள்.

நான் பத்தாவதுக்கு மேல் படிக்காதவன். ஆனால் இந்த வழக்கில் எனக்கு முன் அனுபவம் உண்டு. பத்து வயதில் இதே வழக்குக்கு ஒரு தீர்ப்புச் சொல்லி, அதை நானே நிறைவேற்றியும் இருக்கிறேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன். வாசித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் நாகமலை புதுக்கோட்டையில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், சித்தி. அதோடு நாலு மாடு. சித்தப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார். அப்படி வந்த ஒரு முறை, யாரோ விளையாடி முடித்த கேம் பெட்டி ஒன்றையும் இந்தத் தொடரின் நாலாம் பாகத்து சிடியையும் எனக்கென்று கொண்டுவந்தார். டிவியில் மாட்டிக் கொடுத்துவிட்டு ஒரு மாதத்தில் திரும்பிப் போய்விட்டார்.

எனக்கு அது ஒரு வாரத்தில் சலித்துவிட்டது. சண்டை கொஞ்சம், வாசிப்பது நிறைய. எல்லாம் இங்கிலீஷ். சித்தி கல்லூரியில் இரண்டு வருடம் படித்தவள். கல்யாணத்துக்காகப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். எனக்கு வாசித்துச் சொல்லத்தான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு மாதம் போனபோது விளையாடுவது அவளாகவும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நானாகவும் ஆகியிருந்தோம். எப்போது மாறினோம் என்று எனக்குத் தெரியவில்லை.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு கெட்ட ராஜாவை ஒழிக்கப் புறப்படுகிறார்கள். அந்த நாலு பேருக்கும் நாம் விரும்பிய பெயரை வைக்கலாம். வாள்காரனுக்கு என் பெயரை வைத்தாள். மந்திரம் போடும் தாடிக்காரருக்கு அப்பாவின் பெயர். கோடாலி தூக்கிய குண்டு ஆளுக்குச் சித்தப்பாவின் பெயர். சித்தப்பா எந்தச் சண்டையிலும் முதலில் விழுவார். சித்தி ஒரு பச்சிலையைக் கொடுத்து எழுப்புவாள்.

"எந்திரிங்க, ஏரோப்ளானுக்கு நேரமாச்சு" என்பாள். அம்மா அடுப்படியிலிருந்து சிரிப்பாள்.

நாலாவது ஆள் ஒரு வில்லுக்காரி. அவளுக்கு மட்டும் சித்தி பெயர் மாற்றவில்லை. "அவ பேரு அவளுக்கு இருக்கட்டும்" என்று விட்டுவிட்டாள். வில்லுக்காரி ஒரு மலையூரில் பிறந்தவள். சண்டை முடிந்ததும் திரும்பி வந்துவிடுவதாகத் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியவள். சித்தியின் ஊரும் போடிக்கு மேலே மலையில்தான் இருந்தது. மாட்டையும் அடுப்பையும் விட்டுவிட்டுப் போக வாய்க்காததால் வருடத்துக்கு ஒரு தடவை போவதே அரிது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அன்று தோன்றவில்லை.

சித்தி விளையாடுவதைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஒரு அடி அடிப்பாள், எழுந்து போவாள். கழுநீரைக் கலக்கி மாட்டுக்கு வைத்துவிட்டு, உலையைப் பார்த்துவிட்டு வருவாள். அதுவரை எதிரே சண்டைக்கு வந்த தவளைப் படை அதே இடத்தில் லேசாக மேலும் கீழும் அசைந்தபடி நிற்கும். நம்முடைய முறை முடியாமல் எதிரி கையை ஓங்க மாட்டான். அதுதான் அந்த விளையாட்டின் சட்டம். ஒரு நாள் அப்பா, ஆள் இல்லாமல் டிவி ஓடுகிறதே என்று அணைத்துவிட்டார். அணைத்தது டிவியை மட்டும்தான். சித்தி வந்து போட்டபோது தவளைகள் நின்றுகொண்டுதான் இருந்தன.

அவள் யோசிப்பதெல்லாம் வேலையின் நடுவில்தான். மாவாட்டிக்கொண்டிருக்கும்போது சட்டென்று குரல் வரும்.

"டேய், வில்லுக்காரியப் பின்னால நிறுத்து. உங்க அப்பாவ மந்திரம் போடச் சொல்லு."

"சித்தி, அப்பாகிட்ட மந்திரம் தீர்ந்துபோச்சு."

"எப்பத்தான் இருந்துச்சு. சரி, நில்லு, கையக் கழுவிட்டு வாரேன்."

பல்கலைக்கழகத்துக்குப் போகிற வழியில் அப்போது ஒரு கேம் கடை இருந்தது. பழைய சிடியைக் கொடுத்துவிட்டு வேறு சிடி மாற்றிக்கொள்ளலாம். மாணவர்கள் எந்நேரமும் அங்கே கிடப்பார்கள். ஐந்தாம் பாகம் வந்த புதிதில், அடுத்த வீட்டு அரசியலைப் பேசுவதைப் போல அதைப் பற்றியே பேச்சு.

"மாப்ள, முறை வைக்கிறதையே தூக்கிட்டான். அவன் வாரான், நீ போடுற. அம்புட்டுத்தான்."

"நல்லதுதான். நம்ம அடிக்கிற வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு நிக்க, எதிரி என்ன மாமியா வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையா?"

கண்ணாடி போட்ட ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அதையும் எடுத்துட்டா, அப்புறம் அது என்னடா அதே கேமு? பேரு மட்டும்தான் மிச்சம்."

"அண்ணே, நாலு பாகமா ஒரே கொழம்பு. மாத்தி வைக்க வேணாமா?"

குழம்பு சொன்னவர் பக்கம் நான் சேர்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சித்தியிடம் என் வாதத்தை வைத்தேன்.

"நம்ம அடிக்கிற வரைக்கும் நிக்கிறானே, அவன் லூசா சித்தி?"

"நிக்கட்டும்டா. இந்த வீட்டுல எனக்காக நிக்கிறது அவன் ஒருத்தன்தான்."

அம்மா சிரித்தாள். சித்தியும் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஒரு வழியாக நாலு பேரும் கெட்ட ராஜாவின் கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். ஆறு மாதம் ஆகியிருந்தது. இனி ஒரே ஒரு சண்டை. அது நீளமான சண்டை என்று சித்திக்குத் தெரியும். அதனால் பக்கத்துச் சத்திரத்தில் நாலு பேரையும் படுக்க வைத்து, அதுவரை ஆடியதை மெமரி கார்டில் பதிந்துவிட்டு நிறுத்தினாள். செவ்வாய்க்கிழமை கீழக்குயில்குடியில் ஒரு காதுகுத்து. வீட்டில் எல்லோரும் போகிறோம். மாட்டைப் பார்த்துக்கொள்ள அவள் மட்டும் இருப்பாள்.

"அன்னைக்கு வச்சுக்கிறேன். அந்த வில்லுக்காரி ஊருக்குப் போறாளா இல்லையான்னு பாத்துரணும்" என்றாள்.

இது சனிக்கிழமை காலையில். அன்று மதியம் நான் தீர்ப்பை நிறைவேற்றினேன். நாலாம் பாகத்து சிடியையும் மெமரி கார்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். நாலாம் பாகம் முடிந்து நூறு வருடத்துக்குப் பிந்தைய கதைதான் ஐந்தாம் பாகம், பழைய ஆட்கள் என்ன ஆனார்கள் என்பதெல்லாம் அதில் வருகிறது என்று கடையில் கேட்டிருந்தேன். வில்லுக்காரியின் கதை அதில் இருந்தால், இதில் எதற்குச் செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்க வேண்டும்? சித்திக்கு நல்லது செய்கிறோம் என்று பாதி நினைத்தேன். மீதிப் பாதி எனக்காக.

கடைக்காரர் புது சிடியைப் போட்டுக் காட்டினார். பிறகு கார்டைச் சொருகிப் பார்த்தார்.

"கார்டு ரொம்பிருச்சு தம்பி. பழசை அழிச்சாத்தான் புதுசு ஏறும். அழிச்சிறவா?"

"அழிங்கண்ணே" என்றேன்.

செய்தியைச் சொன்னபோது சித்தி சாணி அள்ளிக்கொண்டிருந்தாள்.

"அழிச்சுட்டியா?" என்று கேட்டாள்.

"அழிச்சுட்டாரு" என்றேன்.

கூடையைத் தூக்கிக்கொண்டு குப்பைக்குழிக்குப் போனாள். திரும்பி வந்து, கை கழுவி, காபி போட்டாள். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். மறுநாள் சிடியைத் திரும்பக் கேட்கக் கடைக்கு ஓடினேன். மேலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் முந்தின நாள் சாயங்காலமே மாற்றிக்கொண்டு போய்விட்டானாம்.

செவ்வாய்க்கிழமை காதுகுத்து முடிந்து வந்தபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது. சித்தி ஐந்தாம் பாகத்தைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். முதல் காட்டில் வரும் ஓநாயிடமே ஏழெட்டுத் தடவை செத்துப்போயிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் பட்டனைக் காட்டிக் கொடுத்தேன். இதை அழுத்திவிட்டு நீ எங்கே வேண்டுமானாலும் போய் வரலாம் என்றேன். நிறுத்திவிட்டுப் பால் கறக்கப் போனாள். திரும்பி வந்து அழுத்தினாள். ஓநாய் கடித்தது, செத்தாள்.

"நிறுத்திட்டுப் போனாலும் வாய் கழுத்துக்கிட்டயே நிக்குதுடா. வந்த ஒடனே கடிக்குது. யோசிச்சு வச்சதெல்லாம் எதுக்கு ஆகுது?" என்றாள். "எனக்கு வேணாம். நீ ஆடு."

பட்டனைக் காட்டியும் ஆட வரவில்லை என்றால் அது சித்தியின் கை வாகு என்று நான் முடிவு கட்டினேன்.

அதன் பிறகு ஒரு ஏற்பாடு தானாக உருவானது. சண்டை என்னுடையது, வாசிப்பு அவளுடையது. ஊர் வந்து எழுத்து வந்தால் கூப்பிடுவேன். அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று வாசித்துச் சொல்லிவிட்டுப் போவாள். உட்காருவதில்லை. நான் தினமும் ஆடினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆடினேன். அந்த வில்லுக்காரியைப் பற்றிய சேதி கிடைத்துவிட்டால் நான் செய்தது சரியாகிவிடும் என்று ஒரு கணக்கு மனதில் ஓடியது.

ஒரு மாதம் கழித்து ஒரு கடற்கரை ஊரில் கிடைத்தது. ஊர்க்கோடியில் ஒரு கல். கல்லின் மேல் வில் படம் செதுக்கியிருந்தது. பட்டனை அழுத்தியதும் கீழே எழுத்து வந்தது.

"சித்தி, வில்லுக்காரி!" என்று கத்தினேன்.

ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி ஓடி வந்தாள். அன்றைக்கு மட்டும் டிவிக்குக் கிட்டே வந்து குனிந்து வாசித்தாள். மனதுக்குள் வாசித்தாள். நான் அவள் முகத்தையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"என்ன போட்டிருக்கு? சீக்கிரம் சொல்லு சித்தி."

அவள் குனிந்தபடியே இருந்தாள். பொறுக்காமல் நான் பட்டனை அழுத்திவிட்டேன். எழுத்து மறைந்தது.

"ஊருக்குப் போயிட்டாளாம்டா" என்றாள் சித்தி. "அவுக அம்மாவப் பாத்தாளாம். ரொம்ப நாள் நல்லா இருந்தாளாம்."

எனக்கு உயிர் வந்தது. "பாத்தியா, அந்த சிடியில இருந்தா இது தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டேன். "தெரிஞ்சிருக்காது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் அடுத்த சண்டைக்குப் போனேன்.

இப்போது வழக்குக்கு வருவோம். தீர்ப்புச் சொல்வதற்கு முன் எல்லாப் பாகத்தையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மகள் பழைய பாகங்களை எங்கிருந்தோ போனில் இறக்கினாள். ஐந்தாம் பாகத்தில் அந்தக் கடற்கரை ஊருக்கு நான்தான் வழி காட்டினேன். இம்புட்டு வருடம் கழித்தும் வழி மறக்கவில்லை. கல்லைத் தொட்டதும் எழுத்து வந்தது. இங்கிலீஷில் மூன்றே வரி. மகள் சத்தமாக வாசித்து, தமிழிலும் சொன்னாள்.

வில்லாளி இந்த ஊரில் வாழ்ந்து, இந்த ஊரிலேயே இறந்தாள். தினமும் மாலையில் மலை இருக்கும் திசையைப் பார்த்து நிற்பாள். திரும்பிப் போகவில்லை.

"வேற கல்லு இருக்கா பாரு" என்றேன். ஊர் முழுவதும் தேடினோம். வேறு கல் இல்லை.

தீர்ப்பு என்ன என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அடுத்த பாகத்தில் ஓநாய் எவ்வளவு வேகமாக வந்தாலும் எனக்குச் சம்மதம்தான். முறை வைத்தாலும் சம்மதம்தான். அதைவிட எனக்கு அந்த மூன்று வரிதான் ஞாபகத்துக்கு வருகிறது. அந்தக் கடற்கரை ஊரில் எதிரி யாரும் கிடையாது. பட்டனை அழுத்தாமல் இருந்தால் அந்த எழுத்து, நாலாம் பாகத்துத் தவளையைப் போல, எவ்வளவு நேரமானாலும் அப்படியே நிற்கும். போனில் வைத்துப் பார்த்துவிட்டேன், நிற்கிறது. அன்று அங்கே அவசரப்பட்டது நான் ஒருவன்தான்.