இடது மரை வால்வு

போன திங்கட்கிழமை காலை ஏழே காலுக்கு, குழாய் வேலை பார்க்கும் செல்வம் எங்கள் தோட்டத்து வால்வைக் கழற்றிச் செய்தித்தாளின் மேல் வைத்தார். "திருகு மரை பூரா தேஞ்சு போச்சு அண்ணாச்சி. லேத்துப் பட்டறைல குடுத்துச் சரிபண்ணலாம், புதுசும் போடலாம். நீங்களே சொல்லுங்க."

நான் யோசிப்பதுபோல் நின்றேன். உண்மையில் மோந்துகொண்டிருந்தேன். துருவும் கிரீஸும் கலந்த வாசனை. ஷிப்டு முடிந்து அப்பா சைக்கிளை நிறுத்தும்போது அந்த வாசனைதான் அவருக்கு முன்னால் வீட்டுக்குள் வந்துவிடும்.

அப்பா விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லில் ஃபிட்டர். அங்கே கழித்துப் போட்ட சாமான்களில் இந்த வால்வை வாங்கிவந்து, தொட்டியிலிருந்து எலுமிச்சை, வாழை, மல்லிகை வரை தானே குழாய் பதித்தார். மாட்டிய பிறகுதான் தெரிந்தது, அது இடது மரை. ஊரெல்லாம் வலப்பக்கம் திருப்பினால் மூடும். எங்கள் வீட்டில் திறக்கும். முதல் நாளே அம்மா மூடப்போய் முழுக்கத் திறந்துவிட்டாள். காயப்போட்ட வத்தல் மிதந்தது.

"என்னங்க, தப்பால்லா மாட்டியிருக்கிய?"

"வால்வு சரியாத்தான் இருக்கு. நாமதான் மாறணும்" என்றார் அப்பா.

அம்மா சிவப்புப் பெயின்டில் சுவரில் இடப்பக்கம் பார்த்து ஓர் அம்புக்குறி போட்டு, கீழே 'மூட' என்று எழுதினாள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடிக்க வேண்டும்.

நாங்கள் மாறினோம். கொஞ்சம் அதிகமாகவே மாறிவிட்டோம். முதல் வேலைக்காகத் தச்சநல்லூரில் மாடியறை எடுத்திருந்தபோது, தண்ணீர் வராமல் நின்றுபோயிருந்த குழாயை ஞாபகமாக இடப்பக்கம் இறுக்கிவிட்டு ஆபீஸ் போனேன். சாயந்திரம் வீட்டுக்காரர் ஈர வேட்டியோடு படியில் நின்றார்.

"படிச்சவருதான வே? கொழா மூடத் தெரியாதா?"

"எங்க ஊர்ல இப்படித்தான்" என்றேன். அதன் பிறகு எங்கள் பாபநாசம் பக்கத்து ஆட்களுக்கு அவர் அறை கொடுக்கவில்லை என்று கேள்வி. அன்றைய நாட்குறிப்பில் இருப்பது ஒரே வரி: 'வெளியூரில் வலம் மூடும்.'

இப்போது அப்பா இல்லை. அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. அடுப்பையும் மோட்டார் சுவிட்சையும் நாங்கள் தொடவிடுவதில்லை. சாயந்திரம் மல்லிகைக்குத் தண்ணீர் விடுவது ஒன்றுதான் அவளுக்கென்று மிச்சம். அது கண் பார்த்துச் செய்கிற வேலையில்லை, கைப்பழக்கம். வால்வை மாற்றினால் அதுவும் போய்விடும். அதனால், "லேத்துக்கே குடுத்துருவோம்" என்றேன்.

"பத்து நாளாகும் அண்ணாச்சி."

பின்வாசலில் உட்கார்ந்திருந்த அம்மா, "பத்து நாள்ல மல்லி கருகிரும். ஏலே செல்வம், புதுச மாட்டு. நேரான வால்வு எப்படித் திரும்புதுன்னு நானும் ஒரு நாளு பாக்கேன்" என்றாள்.

அன்று சாயந்திரம் நான் புது வால்வைப் பாதி திறந்துவைத்தேன். மூடுவதற்கு அம்மா வந்தாள். இடப்பக்கம் திருப்பினாள். தண்ணீர் பீறிட்டுப் புடவை முழங்கால்வரை நனைந்தது. நான் கையை நீட்டினேன்.

"சொல்லாத. அங்கனயே நில்லு."

பைய வலப்பக்கம் கொண்டுவந்தாள். தண்ணீர் நின்றது.

"வால்வு சரியாத்தான் இருக்கு" என்றாள். மீதியைச் சொல்லவில்லை.

மறுநாள் அம்புக்குறியை அழிக்கச் சொன்னாள். முதல் பூச்சுக்குப் பிறகும் சிவப்பு தெரிந்தது. இரண்டாவதில் 'மூட' மறைந்தது. மூன்றாவதில் அம்பும் மறைந்தது. அடுத்த பொங்கலுக்கு அந்தச் சுவரை முழுசாக வெள்ளையடித்துவிடலாம்.