கல்லடைப்புக்கு ஒரு சாட்சி

என் தம்பி மகளுக்கு வந்தது மனநோய். சபையில் தம்பி சொன்னது கல்லடைப்பு. சிறுநீரகத்தில் கல்லென்றால் ஜெபிப்பார்கள், ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். மனசில் நோயென்றால் பெண்ணை ஒருத்தனும் கட்டமாட்டான். கேரள எல்லையோரம் பாறசாலையில் கடை வைத்து, சபைக் கமிட்டியிலும் இடம்பிடித்த என் தம்பியின் அறிவு அவ்வளவுதான்.

தனுவச்சபுரம் கல்லூரிக்குப் போய்வந்துகொண்டிருந்தவள் அவள். திடீரென்று சாப்பாடில்லை, தூக்கமில்லை, பேசினால் சாவுப் பேச்சு. ஆஸ்பத்திரியில் கிடத்தித்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். திருவனந்தபுரத்தில் மனநோய்க்கென்றே சர்க்கார் ஆஸ்பத்திரி உண்டு, பெரிய செலவுமில்லை. ஆனால் அங்கே நர்ஸாக இருப்பவள் எங்கள் சபைக்காரி. ஊரெல்லாம் சொல்லிவிடுவாளாம். அதனால் தம்பி எல்லை தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தான். களியக்காவிளையைக் கடந்தால் கடலையே கடந்துவிட்டதாக அவனுக்கு நினைப்பு.

அங்கே எங்கள் கேரளத்து இன்சூரன்ஸ் கார்டை ஏறிட்டும் பார்க்கவில்லை. அறைக்குத் தனியாக, மருந்துக்குத் தனியாக, உட்காரவைத்துப் பேசுவதற்குத் தனியாகப் பணம் கட்டச் சொன்னார்கள். தம்பி ரப்பர் தோட்டத்தை விற்றான். அவள் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த தோட்டம் அது. கல்யாணம் முடங்கக் கூடாதென்று கல்யாணத்துக்கு வைத்ததையே தூக்கிக் கொடுத்த புத்திசாலியை நான் வேறெங்கும் கண்டதில்லை. அதுவும் கரைந்ததும், இன்னும் கொஞ்சநாள் கிடக்கட்டும் என்று டாக்டர் சொல்லியும் கேளாமல் கூட்டிவந்துவிட்டான். கையிலிருந்த மருந்தும் தீர்ந்தது. மறுபடியும் அவள் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தாள்.

நோய் சுகமானவர்கள் சபையில் எழுந்து சாட்சி சொல்வது எங்கள் வழக்கம். கல் போனதற்கு மகள் சாட்சி சொல்லவேண்டும் என்று தம்பி ஏற்பாடு செய்தான். பாலராமபுரத்துச் சேலை கட்டவைத்து அவளைக் கொண்டுவந்து முன்வரிசையில் உட்காரவைத்தான். அவள் எழுந்தாள்.

"எனக்கு கல்லு ஒண்ணும் இல்ல. மனசுக்காக்கும் சுகமில்லாதது. இன்னும் மாறல்ல. குளிகையும் தீந்து போச்சு."

கமிட்டிக்காரத் தம்பி பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான், ஒளிந்துகொள்ள அதில் ஒரு பக்கம் கிடைக்குமென்று. ஆராதனை முடிந்ததும், நாளைக்கே சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிப்போகிறேன் என்று எல்லோர் காதிலும் விழும்படி அவனிடம் சொன்னேன்.

கமிட்டித் தலைவரின் மனைவி எங்கள் பக்கம் வந்தார். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ஒழுக்கம் சொல்லிக்கொடுப்பவர். அவர் மகன் துபாயில் வேலை பார்க்கிறான் என்றுதான் நாங்கள் ஞாயிறுதோறும் அவனுக்காக ஜெபித்துவந்தோம். அவர் என் தம்பி மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காலத்த பஸ்ஸுக்கு நானும் வாறேன் மக்கா. எனக்க மவன் அங்கயாக்கும் கிடக்கான்."

அவனைப் பார்த்துக்கொள்வது எங்கள் சபைக்காரி நர்ஸ்தானாம். அவள் இதுவரை ஒருவரிடமும் மூச்சுவிட்டதில்லை. அவள் வாய்க்குப் பயந்துதான் என் தம்பி தோட்டத்தை விற்றான்.