ஆறாவது சிலிண்டரில் மாட்டிக்கொண்ட காற்று

"ஹெட்டுல விரிசல்னு ஊர் மெக்கானிக்குங்க சொல்றாங்கண்ணே. இஞ்சினை எறக்கிட்டு டீசல் இஞ்சின் வச்சுடுங்க" என்று செல்வராஜ் சாவியை என் ஒர்க்ஷாப் மேசையில் வைத்தார். பந்தலூர்க்காரர். ஒரு எஸ்டேட் துரை விட்டுப்போன பழைய ஆறு சிலிண்டர் காரைக் கல்யாணங்களுக்கு ஓட்டிப் பிழைக்கிறவர். சத்தமில்லாமல் போகும் என்றுதான் அந்தக் காரைக் கேட்டு வருவார்கள். டீசல் வைத்தால் யார் கேட்பார்கள்? அது அவருக்கும் தெரியும். முகம் செத்துப்போயிருந்தது.

அந்த இஞ்சினைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசை. ஃபயரிங் ஆர்டர், அதாவது அவை எரியும் முறை, ஒன்று, ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, நான்கு. ஒரு பிஸ்டனின் உதறலை இன்னொன்று சரிக்கட்டிவிடும். ஓடும்போது மேலே டீ கிளாஸ் வைத்தாலும் சிந்தாது. அதன் தொல்லையும் அந்த நீளம்தான். வாட்டர் பம்ப் முன்னால், தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் ஆறாவது சிலிண்டர் பின்னால். சூடு ஏறினால் சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் நீள ஹெட் வளைந்துவிடும். வேறு ஹெட் கிடைப்பது குதிரைக்கொம்பு.

"மேட்டுல ஏறினா கொதிக்குதுங்க. ஆனா சூடு காட்டுற கேஜ் முள்ளு அசைய மாட்டேங்குது" என்றார்.

ஆயில் அளக்கும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். ஹெட்டில் விரிசல் என்றால் பெரும்பாலும் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கும்; கலக்கவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது. ஒன்றையும் கழற்றிப் பார்க்காமல் ஹெட் போச்சு என்று சொல்ல ஊரில் ஆளா இல்லை!

"ஏனுங்க, ஹீட்டர் வேலை செய்யுதுங்களா?"

"அது வேற மக்கர்ண்ணே. போன வாரத்துல இருந்து சூடே இல்லாம பச்சைக் காத்துதான் வருது."

ஹீட்டருக்குத் தண்ணீர் போவது ஹெட்டின் பின்பக்கத்திலிருந்து. அப்படியென்றால் அங்கே தண்ணீரே இல்லை.

"போன வாரம் என்ன பண்ணுனீங்க?"

"ரேடியேட்டர் ஹோஸ் மாத்துனேன். ஊட்டு வாசல்லயே."

"வண்டி எப்படி நின்னுச்சு?"

"எப்பவும் போலத்தான். மூக்கு பள்ளத்தைப் பார்த்து."

மலையில் எல்லாரும் அப்படித்தான். காலைக் குளிரில் பேட்டரி படுத்துவிட்டால் உருட்டி ஸ்டார்ட் பண்ணலாம் என்று இறக்கத்தைப் பார்த்து நிறுத்தி, டயருக்குக் கல் வைப்போம். நல்ல பழக்கம்தான். ஆனால் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு அதே நிலையில் ஊற்றினால், ரேடியேட்டர் தாழ்வாகவும் இஞ்சினின் பின்பக்கம் உயரமாகவும் இருக்கும். ரேடியேட்டர் வாய்வரை நிறைந்துவிடும். ஆறாவது சிலிண்டருக்கு மேலே காற்று மாட்டிக்கொள்ளும். அந்த இஞ்சினில் டெம்பரேச்சர் சென்சாரும் அங்கேதான். காற்றில் அது சூட்டைச் சரியாகக் காட்டாது.

காரை மேட்டைப் பார்த்து நிறுத்தினோம். ரேடியேட்டர் மூடியையும் ஹீட்டர் வால்வையும் திறந்துவைத்து இஞ்சினை ஓடவிட்டேன். சற்று நேரத்தில் குபுகுபுவென்று குமிழி வந்தது. ஊற்ற ஊற்றத் தண்ணீர் உள்ளே போனது.

"குமிழி நிக்காம வந்துட்டே இருந்தா விரிசல் வழியா வருதுன்னு அர்த்தம், அவங்க சொன்னதுதான் நெசம். நின்னுட்டா பொழைச்சோம்" என்றேன். செல்வராஜ் ரேடியேட்டர் வாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

குமிழி குறைந்தது. பிறகு நின்றேவிட்டது. ஹீட்டரில் சூடான காற்று அடித்தது. அப்பாடா என்றிருந்தது.

சோதித்துப் பார்க்க மலையிறங்கி அரவேணு வரை போனோம். திரும்பி ஏறும்போது ஒரு வளைவில் செல்வராஜ் காரைச் சட்டென்று ஓரங்கட்டினார். மறுபடி கொதித்துவிட்டதோ என்று பதறிப்போய் பானெட்டைத் திறக்க இறங்கினேன்.

"வண்டிக்கு ஒண்ணுமில்லைண்ணே. எனக்குத்தான் ரோடு தெரியல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கொதிக்கிற வண்டி வந்தால் இப்போதெல்லாம் நான் உடனே ஸ்பேனரைத் தொடுவதில்லை. தண்ணீர் ஊற்றும்போது எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று கேட்டுவிட்டுத்தான் பானெட்டையே திறக்கிறேன்.