அந்தக் கரையை உனக்குக் காட்டியது யார்

என் ஏரியை நீ திருடினாய். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

ஜெர்மனியின் ஐஃபெல் மலைப்பகுதியில் இருக்கும் அந்த எரிமலை ஏரியை நான் தனியாகத்தான் தேடிக் கண்டுபிடித்தேன். டுசல்டோர்ஃபில் வாரம் முழுக்கக் களஞ்சியத்தில் பெட்டி தூக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போவேன். கரையோரப் பாதையில் ஏரியை முழுதாக ஒரு சுற்று நடப்பேன். கிழக்குக் கரையில் ஓரிடத்தில் தண்ணீர் உலை கொதிப்பதுபோலக் குமிழி விடும். அடியில் இன்னும் அடங்காத எரிமலையின் வாயு அது. தண்ணீர் சூடே கிடையாது. கையை விட்டால் விறைத்துப் போகும்.

மனைவியைப் பல தடவை கூப்பிட்டேன். "குமிழி பாக்க இவ்வளவு தூரம் ஓடோணுமே? அடுப்பிலை பருப்பு வைச்சாலும் குமிழி வரும்" என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் கூட வேலை செய்த உன்னை அழைத்துப் போனேன். ஒரேயொரு தடவை.

அடுத்த கோடைக்குள் நம் தமிழ்ச் சங்கத்தில் நீ நடைக்குழு தொடங்கிவிட்டாய். "நான் கண்டுபிடிச்ச இடம். எங்கட கன்னியா வெந்நீர் ஊற்று மாதிரியே இருக்கும், வாங்கோ" என்று வாட்ஸ்அப்பில் குரல்பதிவு போட்டாய். குமிழியைப் பார்த்துவிட்டு, தொட்டுப் பார்க்காமலே பேசியிருக்கிறாய். சனம் நம்பியது. திருகோணமலைக் கன்னியாவுக்கே குளிக்கப் போவதுபோலத் துவாயும் மாற்றுடுப்பும் வாளியுமாக வந்து இறங்கியது. என் மனைவியும் புதுச் சப்பாத்து வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். நான் கடைசி ஆளாகப் பின்னால் நடந்தேன்.

"காலை வையுங்கோ அக்கா, இதமா இருக்கும்" என்றாய்.

காலை வைத்த அக்கா குழறினார். "ஐயோ தம்பி, ஐஸ்! என்னைக் கொல்லவோ கூட்டிக்கொண்டு வந்தனீ?"

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. தொலைந்தான் என்று நினைத்தேன். நீயோ வாளியில் தண்ணீரை மொண்டு உன் தலையிலேயே ஊற்றிக்கொண்டாய். "பிழை விட்டிட்டன், தண்டனையையும் நானே எடுக்கிறன்!" எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் மனைவி துவாயை உன்னிடம் நீட்டி, "உங்களோடை வந்தா நடந்த களைப்பே தெரியேல்லை அண்ணை" என்றாள். அது என் துவாய்.

இது வாயு, வெந்நீர் இல்லை என்று நான் விளக்கத் தொடங்கினேன். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்? முந்தி வந்தனீங்களோ?" என்று அந்த அக்கா கேட்டார். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ வாயைத் திறக்கவில்லை. எல்லோருக்கும் தின்னக் கொண்டுவந்த ரோல்ஸ் பெட்டியைத்தான் திறந்தாய்.

பொறாமைதான். மறைக்கவில்லை. இத்தனை வருடம் நடந்தும் என்னால் ஒருவரை அங்கே சிரிக்க வைக்க முடியவில்லை, மனைவியைக் கூட்டிப்போகவும் முடியவில்லை. அதற்காக நீ சொன்ன பொய் உண்மையாகிவிடாது. சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு அவளும் வருவாள். மேடையில் ஏறி, ஒலிவாங்கியைப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கச் சொல்: அந்தக் கரைக்கு உன்னை முதலில் கூட்டிப்போனது யார்?